கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு யாரை, எந்தச் சொல்லால் அழைப்பது? எல்லையோரத் தமிழ்த் துண்டறிக்கைக்கு நான்கு வழிகள்

ஆந்திரப் பிரதேசத்தின் தமிழக எல்லையோரத்தில் உள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் புழங்குவது தெலுங்கு என்ற நிலையில், புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடக்கும்போதெல்லாம் தெலுங்குத் துண்டறிக்கையோடு தமிழிலும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. அதை எழுதும் வேலை பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடமோ தன்னார்வலரிடமோ வந்து சேர்கிறது. எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் ‘பெண்கள்’ வர வேண்டும் என்று எழுதுவதா, ‘கருப்பைவாய் உள்ளவர்கள்’ என்று எழுதுவதா, இரண்டையும் சேர்த்து எழுதுவதா, அல்லது வாசிப்பவருக்கேற்பத் தனித்தனித் தாள்களாகப் பிரிப்பதா என்பதே அந்த முடிவு. என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் வரியிலிருந்து பெண்கள் என்ற சொல்லை அகற்றக் கூடாது, அச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் இந்தப் பரிசோதனையின் எடை என்ன என்பதை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உலக அளவிலான புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் அதனால் இறந்தனர். பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸின் நீடித்த தொற்றால் வரும் இந்நோய், புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்பதால், இடையில் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். அதற்குப் பெரிய கருவிகள்கூடத் தேவையில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையில் ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை செய்த பகுதிகளில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆகவே ஒரு துண்டறிக்கையின் சொல்முறையை எடைபோடும்போது, ‘இதைப் படிப்பவர் இது தனக்கு உரியது என்று உணர்ந்து வருவாரா’ என்ற கேள்வியே மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், ‘30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் அனைவரும் வரவும்’ என்ற பழகிய வரிக்கு உள்ள வலிமை கண்கூடு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வகுத்த வயது வரம்பும் இதுவே. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், பிறர் படிக்கக் கேட்பவருக்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துப் போகும்போது தறியின் சத்தத்துக்கு இடையே அரைகுறையாகக் காதில் வாங்குபவருக்கும் பெண்கள் என்ற சொல் உடனே போய்ச் சேரும். இதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. தன் உடம்புக்கென்று அரை நாள் கூலியை விடத் தயங்குகிற ஒரு பெண்ணிடம் ‘இது உனக்காக’ என்று சொல்வதற்கு இதைவிட நேரான சொல் இல்லை.

ஆனால் இவ்வரி இருவகையினர் விஷயத்தில் தவறிவிடுகிறது. பிறப்பில் பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிக்குக் கருப்பைவாய் இருக்கலாம். அவருக்கும் பரிசோதனை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திருநம்பிகளுக்கும் ஊடுபால் உடலமைப்புடன் (ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காத உடற்கூறுகளுடன்) பிறந்து கருப்பைவாய் கொண்டவர்களுக்கும் இச்சேவை தேவை என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. மறுபக்கம், பெண்களாக வாழும் திருநங்கைகளுக்குக் கருப்பைவாய் கிடையாது. ‘பெண்கள் அனைவரும்’ என்ற அழைப்பை மதித்து வரும் ஒரு திருநங்கை, வரிசையில் நின்று, மேசைக்கு வந்த பின்னர் எல்லார் முன்னிலையிலும் திருப்பியனுப்பப்படும் நிலை அவருக்கு நேரும் அவமதிப்பு. அதற்குப் பின் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைக்கோ சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கோ அவர் எந்த முகாமுக்கும் வரமாட்டார். அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற சோதனைகள் அவைதான்.

இரண்டாவது வழி, உறுப்பைச் சொல்லி அழைப்பது: ‘கருப்பைவாய் உள்ள அனைவரும் வரவும்.’ ஏட்டளவில் இதைவிடத் துல்லியமான வரி இல்லை. யாரையும் விடவில்லை, தேவையற்றவரை அழைக்கவும் இல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை சில ஆண்டுகளுக்கு முன் தன் தகவல் பக்கங்கள் சிலவற்றின் முகப்பில் பெண்கள் என்ற சொல்லைத் தவிர்த்தபோது இதை ஒட்டிய விவாதமே அங்கு எழுந்தது. அந்த விவாதத்தை இங்கே இறக்குமதி செய்து, ஆதரவாளர் எதிர்ப்பாளர் என்று அணி பிரிய வேண்டிய தேவை நமக்கு இல்லை. நம் ஊரில் இவ்வரி என்ன செய்யும் என்று பார்த்தாலே போதும். அது தோற்கும் இடம் தெரிந்துவிடும்.

இங்கேதான் ஆந்திர எல்லையின் நிலைமை தனித்துக் கவனிக்கத்தக்கது. 2015–16ஆம் ஆண்டின் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை பற்றி முதன்முறையாகக் கேட்கப்பட்டது. இந்திய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்களே அதைச் செய்துகொண்டிருந்தபோது, ஆந்திரப் பிரதேசத்தில் அது ஏறத்தாழ 9 விழுக்காடாக, மாநிலங்களிலேயே மிக உயர்ந்த அளவில் இருந்தது. அதாவது, ஐம்பது வயதைத் தொடுமுன்பே கருப்பையை இழந்த பெண்கள் இப்பகுதியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘கர்ப்பசஞ்சி எடுத்துட்டாங்க’ என்று தெலுங்குச் சொல்லையே தமிழில் வைத்துப் பேசும் அந்தப் பெண்ணிடம், கருப்பையோடு அதன் வாயும் அகற்றப்பட்டதா, அல்லது வாயை விட்டுவைத்துக் கருப்பையின் மேற்பகுதியை மட்டும் எடுத்தார்களா என்று கேட்டால் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் அதை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். பல வீடுகளில் அச்சீட்டே இருக்காது. முழுவதும் அகற்றப்பட்டு, அதற்குக் காரணம் புற்றோ புற்றுக்கு முந்திய மாற்றமோ இல்லையென்றால், பெரும்பாலும் மேற்கொண்டு இப்பரிசோதனை தேவையில்லை. வாய் எஞ்சியிருந்தால் மற்றவர்களைப் போலவே தேவை. இந்த வேறுபாடு ஏட்டுச் சிக்கல் அன்று என்பதற்கு ஸ்காட்லாந்தில் 2021இல் வெளிவந்த நிகழ்வு சான்று: கருப்பையின் ஒரு பகுதி மட்டுமே அகற்றப்பட்டு வாய் எஞ்சியிருந்த 400க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் பரிசோதனைப் பட்டியலிலிருந்து தவறுதலாக நீக்கப்பட்டிருந்தன, அவர்களில் ஒருவர் இப்புற்றுநோயால் இறந்தும்போனார். கணினிப் பதிவேடுகள் நிறைந்த நாட்டிலேயே இப்படி நேர்ந்திருக்க, ‘கருப்பைவாய் உள்ளவர்கள்’ என்று நாம் எழுதும் வரி, அந்த முடிவை எடுக்கும் சுமையை எழுத்தறிவு குறைந்த ஒரு நெசவாளிப் பெண்ணின் தோளில் ஏற்றுகிறது. அவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘எனக்குத்தான் எடுத்தாச்சே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவதாக இருக்கும்.

இதன்மேல் இன்னொரு குழப்பமும் உண்டு. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கிராமத்தில் ‘ஆபரேஷன்’ என்று பொதுவாகச் சொன்னாலே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்தான். அதில் கருக்குழாய்கள் மட்டுமே அடைக்கப்படுகின்றன. கருப்பையும் வாயும் இருந்தபடியே இருக்கின்றன. ‘கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தேவையில்லை’ என்று துண்டறிக்கையில் ஒரு வரி நுழைந்துவிட்டால், கருத்தடை செய்துகொண்ட பெண்களும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். உறுப்பைச் சொல்லி அழைக்கும் வழி திருநம்பிகளைச் சேர்க்கும் நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இம்மண்ணில் அது முதலில் வெளியே நிறுத்துவது, கருப்பை அகற்றப்பட்ட பெண்களையும் கருத்தடை செய்துகொண்ட பெண்களையும்தான். மேலும், ஒருவரை உறுப்பின் பெயரால் ஒலிபெருக்கியில் அழைப்பது நம் ஊர்த் தெருவில் மரியாதைக் குறைவாகவே கேட்கும். அதைக் கேட்டுவிட்டு எழுந்து வருவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் திருநம்பிகளும்தாம்.

மூன்றாவது வழி ‘பெண்களும், கருப்பைவாய் உள்ள மற்றவர்களும்’ என்று சேர்த்துச் சொல்வது. இங்கிலாந்தின் அறிவிப்புகள் பலவற்றில் இப்போது வழங்கும் முறையும் இதுவே. முதல் இரண்டு வழிகளைவிட இது மேலானது. பெண்ணை நேராக அழைக்கிறது, மற்றவருக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. குறை என்னவென்றால், ‘மற்றவர்கள்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று பெரும்பாலான வாசகருக்கு விளங்காது. விளங்க வேண்டிய திருநம்பிக்கும், தன்னைப் பெயர் சொல்லாமல் ஓர் ஓரத்தில் ஒட்டவைத்ததாகவே தோன்றும். பெயர் சொல்வதற்குத் தமிழில் தயங்க வேண்டியதில்லை. திருநங்கை, திருநம்பி, ஊடுபால் ஆகிய சொற்கள் வழக்கில் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து, மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழிலும் வெளியிட்டது. ஆகவே ‘மற்றவர்கள்’ என்பதைவிடத் ‘திருநம்பிகளும்’ என்று எழுதுவது சிறந்தது. சொல் புதிதாக இருப்பவர்களுக்காக ஒரு விளக்க வரியும் சேர்க்கலாம்.

நான்காவது வழி தனித்தாள். பொதுத் துண்டறிக்கை பெண்களுக்கானதாகவே இருக்கும். திருநர் சமூகத்தினருக்கென ஒரு தாள், அவர்கள் கூடும் இடங்களிலும் அவர்களுடைய அமைப்புகள் வழியாகவும் கைமாறும். இதை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், பொதுத் தாளில் சொல்ல இடமே இல்லாத செய்திகள் இதில் இடம்பெற முடியும். ஆண் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்குப் பிறப்புறுப்பின் திசு மெலிந்து உலர்வதால் பரிசோதனை வலிக்கலாம், எடுத்த மாதிரி போதாமல் மறுபடி எடுக்க நேரலாம் என்பதை முன்னரே சொல்ல வேண்டும். ஹெச்.பி.வி. சோதனை கிடைக்கும் இடங்களில் மாதிரியைத் தாமே எடுத்துக்கொடுக்கும் வழியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. மார்பை அகற்றிக்கொண்டவர்களுக்கும் சிறிது மார்பகத் திசு எஞ்சியிருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். திருநங்கைகளுக்கோ வேறு செய்திகள். பெண் ஹார்மோனைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர் மார்பகப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். நிர்வாணம் (திருநங்கைகள் ஆணுறுப்பை அகற்றிக்கொள்ளும் அறுவை) செய்துகொண்ட பின்னும் புராஸ்டேட் சுரப்பி உடலில் அப்படியே இருக்கிறது. ஆகவே சிறுநீர் கழிப்பதில் தொல்லை வந்தால் அதை வெட்கத்தால் மறைக்கக் கூடாது. பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்குப் புராஸ்டேட்டுக்கான இரத்தச் சோதனையின் அளவு இயல்பாகவே குறைந்து காட்டும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

தனித்தாளின் குறை, அது யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. எந்த அமைப்பிலும் சேராமல், ஊரில் யாருக்கும் தெரியாமல், ஒரு நூற்பாலையிலோ கடையிலோ ஆணாக வேலை பார்த்து வாழும் திருநம்பிக்கு அத்தாள் எட்டவே எட்டாது. அவர் கண்ணில் படக்கூடியது தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய பொதுத் துண்டறிக்கைதான். ஆகையால் பொதுத் தாளில் அவரைக் குறிக்கும் ஒரு வரியாவது இருக்க வேண்டும். மீதியைத் தனித்தாள் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வழியையும் நான்காவது வழியையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

பெண்ணுரிமை நோக்கில் எழும் ஒரு மறுப்பை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களின் நோய்கள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன, அவர்களை அவர்கள் பெயராலேயே அழைக்கத் தொடங்கிய பிறகுதான் சிறிதளவு கவனம் வந்தது, இப்போது அப்பெயரை நீர்க்கச் செய்வது ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளும் நோயில், அப்பெயரை முதல் வரியிலிருந்து எடுக்கக் கூடாது என்றே நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டாவதாக ஒரு வரி சேர்ப்பதால் முதல் வரி தேய்ந்துபோவதில்லை. மார்பகப் புற்றுநோய்த் தாளில் ‘ஆண்களுக்கும் மார்பில் கட்டி வந்தால் காட்டவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் பெண்களுக்கு எதுவும் குறைந்துவிடாது. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஒருவர் அளவில் ஆண்கள் என்பதால், அவ்வரியால் ஓர் உயிர் காப்பாற்றப்படலாம்.

இதுவரை துண்டறிக்கையைப் பற்றியே பேசினோம். உண்மையில் ஆட்கள் தவறிப்போவது பெரும்பாலும் பதிவேட்டில்தான். 30 வயது கடந்தவர்களிடம், அரசின் கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்களான ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில், மார்பில் கட்டி, மாதவிலக்குக்கு இடையிலும் உடலுறவுக்குப் பின்னும் உதிரப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகிய கேள்விகள் ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற பகுதியில் அமைந்திருக்கின்றன. ஆண் என்று பதிவான திருநம்பியிடம் அக்கேள்விகள் கேட்கப்படவே மாட்டா. இடுப்புச் சுற்றளவைக்கூட அப்படிவம் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. என்று வேறு வேறு வரம்பு வைத்தே மதிப்பிடுகிறது. இரத்தசோகைக்கும் அப்படித்தான்: ஹீமோகுளோபின் அளவு பெண்ணுக்கு 12க்குக் கீழும் ஆணுக்கு 13க்குக் கீழும் போனால் குறைவு. இங்கிலாந்திலும் இதே சிக்கல் உண்டு: மருத்துவரின் பதிவில் ஆண் என்று மாற்றிக்கொண்டவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் தானாக வராது, அவரே கேட்டுப் பெற வேண்டும். ஆகவே துண்டறிக்கையை எவ்வளவு கவனமாக எழுதினாலும், மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்ற ஒரே கட்டத்தை நிரப்பிவிட்டு நகர்ந்துவிட்டால் பயனில்லை. ‘உங்களை எப்படிக் குறிக்கட்டும்?’ என்று ஒரு கேள்வியும், ‘கர்ப்பப்பை ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா?’ என்று ஒரு கேள்வியும் திரைக்குப் பின்னால் எல்லாரிடமும் கேட்கப்பட வேண்டும். எல்லாரிடமும் கேட்பதால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். இரண்டாவது கேள்வியை ஆஷா பணியாளர் தன் பேச்சில் கேட்கும்போது, ‘அக்கா, பிள்ளை போதும்னு செஞ்ச ஆபரேஷனா, இல்ல கர்ப்பசஞ்சியவே எடுத்துட்டாங்களா?’ என்று இரண்டையும் பிரித்தே கேட்பது நல்லது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, பொதுத் துண்டறிக்கைக்கு நான் முன்வைக்கும் வாசகம் இதுதான்: ‘30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் அனைவரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கும் இது தேவை. கர்ப்பப்பையை (கர்ப்பசஞ்சி) எடுத்தவர்களும் வாருங்கள். சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். பரிசோதனை தேவையா என்று பார்த்துச் சொல்வோம். பிறப்பில் பெண்ணாக இருந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் இப்பரிசோதனை தேவைப்படலாம். தனியாகப் பேச இந்த எண்ணை அழைக்கவும். வாய்ப்புற்றுநோய், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளுக்கு ஆண்கள், பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லாரும் வரலாம்.’ கருப்பை என்று நூல்களில் எழுதினாலும் ஊரில் கர்ப்பப்பை என்றே வழங்குவதால் அச்சொல்லையே வைத்தேன். கர்ப்பசஞ்சி என்ற தெலுங்குச் சொல்லைப் பக்கத்தில் போடுவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

இவ்வாசகத்தின் கடைசிக்கு முந்திய வரி ஒரு தொலைபேசி எண்ணை நம்பி நிற்கிறது. அந்த எண்ணை எடுப்பவருக்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்திருக்க வேண்டும். திருநம்பி என்ற சொல்லைத் தெலுங்கு மட்டும் அறிந்த செவிலியர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்பதால், அதற்கான தெலுங்கு விளக்கத்தை முகாமுக்கு முன்பே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அழைப்பவரை ‘அண்ணா’ என்பதா ‘அக்கா’ என்பதா என்று குரலை வைத்து ஊகிக்காமல், பெயரைக் கேட்டு, ‘வாங்க, போங்க’ என்று பேசினால் போதும். வருவதற்கு முகாம் நேரம் ஒத்துவராது என்று அவர் சொன்னால், கூட்டமில்லாத வேறொரு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தச் செவிலியர் இருப்பார் என்பதைச் சொல்லும் அளவுக்கு அவரிடம் தகவல் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாத முகாம், அவ்வரியை அச்சிடுவதற்கு முன் ஆளை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். யாரும் எடுக்காத எண்ணைப் போடுவது அவ்வரியே இல்லாமல் இருப்பதைவிட மோசமானது.